குமிழி பார்க்கும் ஆள்

போன மாதம் எங்கள் போதை மறுவாழ்வு இல்லத்தில் இப்போது வேலை செய்யும் இளம் உளவளத்துணையாளர் ஒருவர் போன் எடுத்தார். வெளிக் கேட்டுக்குப் பெரிய பூட்டு, மதிலின் மேல் முள்ளுக்கம்பி, மூலைக்கு மூலை கமரா எல்லாம் வரப்போகிறதாம். "சேர், உங்கட காலத்தில கேட்டுக்குப் பூட்டே இருக்கல்ல எண்டு சொல்றாங்க. ஆக்கள் ஓடமாட்டாங்களா?" என்று கேட்டார். ஓடினார்கள் தம்பி, நிறையப் பேர் ஓடினார்கள் என்றேன். திறந்து கிடக்கிற கேட்டை விட்டுவிட்டு மதிலேறிக் குதித்து ஓடினவர்களும் உண்டு. ஓடுவது என்றால் அப்படித்தான் ஓடவேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. அவர் சிரித்துவிட்டு, "அப்ப ஏன் பூட்டல்ல?" என்றார். அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் கோபக்காரன், பாதியில் சத்தம் போட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் புத்தளம் பக்கத்துக் கனமூலைக்காரன். தாதியாகப் பயிற்சி எடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வார்ட் வார்டாக அலைந்து, இடமாற்றம் கேட்டு மனுப்போட்டே பாதிக் காலத்தைக் கழித்தவன். ஊரில் என்னை 'ஊசி நானா' என்பார்கள். சண்டை முடிந்து, கற்பிட்டிப் பக்கம் கடல் முழுதாகத் திறந்து, நேவி பாஸ் கெடுபிடியெல்லாம் தளர்ந்த பிறகு எங்கள் கரையில் நல்ல உழைப்பு வந்தது. அதன் பின்னாலேயே தூளும் வந்தது. ஹெரோயினைத்தான் எங்கள் பக்கம் தூள் என்பார்கள். நான் தடுப்பூசி போட்டு வளர்ந்த பிள்ளைகள் வார்டுக்குள் என் கையிலேயே செத்தார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. முன்கூட்டியே பென்சன் எடுத்துக்கொண்டு, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கன்னியாஸ்திரிகள் நடத்திய இந்த இல்லத்தில் போய்ச் சேர்ந்தேன். சோனக மனிசனுக்குச் சிஸ்டர்மார் மடத்தில் என்ன வேலை என்று பள்ளிவாசல் வாசலில் கேட்டவர்கள், பிறகு தங்கள் மகன்மாரைக் கூட்டிக்கொண்டு என்னிடமே வந்தார்கள்.

இல்லத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் பிலோமினா. அவரும் தாதிதான். என்னைவிட மூத்தவர், என்னைவிட மிகக் குறைவாகப் பேசுபவர். எப்போது பார்த்தாலும் அவர் மடியில் ஒரு சுளகு இருக்கும், அதில் முருங்கை இலை இருக்கும். முன்னால் இருக்கிற ஆள் கதைக்கக் கதைக்க, தலையை நிமிர்த்தாமல் இலையை உருவிக்கொண்டிருப்பார். கதை உண்மையாய் இருக்கும்வரை கை ஓடும். பொய் வந்தால் கை நின்றுவிடும். திட்டமாட்டார், மறுத்துக் கேட்கமாட்டார். கை மட்டும் நிற்கும், அந்த ஆள் மறுபடி உண்மைக்கு வரும்வரை நின்றபடியே இருக்கும். லீவு கேட்கப் போகும்போது எனக்கே அந்தக் கையைப் பார்க்கப் பயம்.

எங்கள் பக்கத்தில் ஒருவனை மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுவருவதென்றால், பெண் பார்க்க வருவதுபோல வான் நிறைய வருவார்கள். தாய், பெரியப்பா, மாமன், மைத்துனன், முஸ்லிம் குடும்பம் என்றால் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரிக்கார், கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கோயில் உபதேசியார். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். வந்த ஆள் மட்டும் வாய் திறக்கமாட்டான். "அவன் பச்சப் பிள்ள மாதிரி, சகவாசம்தான் கெடுத்தது." "ஆரோ செய்வினை செஞ்சிட்டாங்க." "கடலில கிடந்த பொதிய எடுத்தான், அதோட வந்த வினை." ஓதின தண்ணீர்ப் போத்தலும் அந்தோனியார் கோயில் எண்ணெய்ப் போத்தலும் எங்கள் அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதில் சிஸ்டருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் வந்த கூட்டத்தை மாமரத்தடிக்கு அனுப்பித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அந்த ஒருவனை மட்டும் முன்னால் இருத்திக் கேட்பார்.

"உங்கள ஆர் கொண்டுவந்தது?"

"உம்மா."

"அப்ப உம்மாவ இஞ்ச வச்சுக்கொண்டு உங்கள அனுப்பிவிடுவமா?"

அவன் விழிப்பான். தானே தன் வாயால் "நான் இஞ்ச இருக்கப் போறன்" என்று சொல்லும்வரை கட்டில் கிடையாது. சொல்லமுடியாமல் வந்த வானிலேயே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் இதற்காக நான் சிஸ்டரோடு சண்டை பிடித்திருக்கிறேன். நோயாளியைத் திருப்பி அனுப்புகிற ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கத்தியிருக்கிறேன். அவர் இலை ஆய்ந்துகொண்டே, "கட்டில் வேணுமெண்டு கேக்கிறவனுக்குத்தான் கட்டில், ரவூப்" என்பார்.

உள்ளே எடுத்தபின் முதல் நாட்கள் என் பொறுப்பு. தூள் நின்றதும் மூக்கால் கண்ணால் ஓடும், கொட்டாவி விடுவார்கள், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும், பிறகு வாந்தியும் பேதியும் கெண்டைக்கால் முறுக்கலும். டொக்டர் வந்து மருந்தெழுதுவார். மிச்சமெல்லாம் கையால் செய்கிற வேலை. நாடி பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது, பாயை மாற்றுவது, காலை அழுத்திவிடுவது. இந்த நேரத்தில் அவர்கள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. வலியில் எவனும் எதையும் சொல்லுவான், சுகமானதும் மறந்துவிடுவான். ஜெரோம் விஷயத்தில்தான் அப்படி விட முடியாமல் போனது.

ஜெரோம் என்பது அவன் உண்மையான பெயர் இல்லை. எழுதலாமா என்று கேட்டபோது, "பேர மாத்துங்க சேர், வேறொண்டையும் மாத்தாதீங்க" என்றான். மாம்புரிக்கு அந்தப் பக்கம் கரையோரத்து ஊர். மூன்றாவது தடவையாக எங்களிடம் வந்திருந்தான். முதல் இரண்டு தடவையும் எங்களுக்கு அவனைப்போல நல்ல பிள்ளை கிடைத்ததில்லை. கிணற்றடி கூட்டுவான், செபம் சொல்லுவான், புதிதாக வருகிறவர்களுக்குப் புத்திமதி சொல்லுவான். சண்டைக்காலத்தால் படிப்புக் கெட்டது, கூட்டாளிமாரால் தான் கெட்டது என்று மேடைப் பேச்சாளன்போல் அழகாகச் சொல்லுவான். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் கண் கலங்குவார்கள். சிஸ்டரின் கை நின்றிருக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தாங்கமாட்டான்.

அவன் தொழிலைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். எங்கள் கரையில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கீழே போனால் இன்னொருவர் படகில் இருந்து, அவர் விடும் மூச்சு தண்ணீருக்கு மேல் குமிழியாக வருவதைப் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் படகை ஓட்டவேண்டும். இறங்கியவர் எங்கே மேலே வந்தாலும் படகு பக்கத்தில் நிற்கவேண்டும். காற்றும் அலையும் உள்ள கடலில் குமிழியிலிருந்து கண்ணெடுத்தால் போச்சு. அதனால் அந்த வேலைக்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. ஒருவர் இறங்கினால், அவருடைய தங்கை புருஷன் அல்லது அக்கா புருஷன் மேலே இருப்பார். இது அந்தக் கரையில் யாரும் எழுதிவைக்காத சட்டம். மச்சானின் உயிரை மச்சான்தான் பார்ப்பான் என்று நம்பித்தான் இறங்குவார்கள்.

ஜெரோமின் மனைவி மெரினா. அவள் அண்ணன் நிக்சன் இறங்குவார், ஜெரோம் குமிழி பார்ப்பான். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் நின்று படகு நீரோட்டத்தோடு போய்விட்டது என்றும், நிக்சன் பயந்துபோய்ச் சட்டென்று மேலே வந்துவிட்டார் என்றும்தான் ஊரே சொன்னது. ஆழத்திலிருந்து நின்று நின்று, மெதுவாகத்தான் வரவேண்டும். ஒரேயடியாக வந்தால் உடம்புக்குள் காற்று அடைத்துவிடும். வேறொரு படகுக்காரர்கள் அவரைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். பொழுதுபடுவதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. எஞ்சின் செய்த அநியாயம் என்று ஜெரோமைக் கட்டிப்பிடித்து அழுதவர் நிக்சனின் தாய், ஜெரோமின் மாமி.

மூன்றாம் தடவை வந்த கையோடு, கெண்டைக்கால் முறுக்கிக் கதறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் காலை அழுத்திக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்.

"சேர், எஞ்சின் நிக்கல்ல."

நான் அழுத்துவதை நிறுத்தவில்லை.

"மச்சான் கீழ போனப் பொறகு துவாயால தலைய மூடிக்கொண்டு ஒரு இழுவை இழுத்தன். கண் சொருகிட்டுது. முழிச்சுப் பாத்தா குமிழி இல்ல. பயத்தில எங்கயோ பாத்து எஞ்சினக் குடுத்து ஓடிட்டன். ஓடின பக்கம் பிழை."

வலி போனபின் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். மறக்கவில்லை. கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொன்னதை நான் கேட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மெரினா பார்க்க வந்தவள் சந்தோஷமாகச் சொன்னாள்: கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது, கடல் தெளிகிறது, இந்த வருசம் தம்பி டிலான் இறங்கப் போகிறான், அத்தான் சுகமாகி வந்ததும் அவர்தான் மேலே இருப்பார். வேறு யார் இருக்கிறார்கள்? டிலானுக்கு அக்கா புருஷன் அவன் ஒருவன்தான். அண்ணனுக்குக் கால் போனபின் அந்த வீட்டுக்கு உழைப்பதும் டிலான் ஒருவன்தான்.

அவள் போனதும் நான் நேரே சிஸ்டரிடம் போனேன். கதவைத் தட்டவும் இல்லை.

"நான் அந்தப் பொடியனுக்குப் போன் பண்ணிச் சொல்லப் போறன், சிஸ்டர். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது."

"என்னத்தச் சொல்லுவீங்க?"

"உள்ளதத்தான். இவன் தூளடிச்சிட்டுத்தான் குமிழிய விட்டான் எண்டு."

"சொல்லுங்க. இவரக் கெடுத்த ஆக்கள் எண்டு ஒரு வரிசை வச்சிருக்கிறாரே, அதில கடைசியா உங்கட பேரும் சேந்துடும். ரவூப் சேர் என்ட குடும்பத்த உடைச்சார், அதனாலதான் திரும்பவும் எடுத்தன் எண்டு சொல்லுவார்."

"அப்ப அந்தப் பிள்ள சாகட்டுமா?"

அவர் கை நின்றது. எனக்குப் பொய் வந்ததால் இல்லை, அவருக்கே பதில் கிடைக்காததால் நின்றது என்று நினைக்கிறேன். அன்று பின்னேரம் ஜெரோமைக் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொன்னார்:

"ஜெரோம், அதச் சொல்றது உங்கட வேலை. அத நானும் எடுக்கமாட்டன், ரவூபும் எடுக்கமாட்டார். ஆனா டிலான் கீழ போறதப் பாத்துக்கொண்டிருக்கவும் என்னால ஏலாது. உங்களக் கூட்டிக்கொண்டு போக அவங்க வாற அண்டைக்கு நீங்க சொல்லாட்டி, 'இவர நம்பி இறங்காத மகன்' எண்டு அந்த ஒரு சொல்ல மட்டும் நான் சொல்லுவன். ஏன் எண்டு அவன் உங்களட்டத்தான் கேப்பான்."

ஜெரோமின் முகம் சாம்பலாகிவிட்டது. "சிஸ்டர், சொன்னா மெரினா என்ன விட்டுட்டுப் போயிடுவா."

"போகலாம்."

"டிலான் என்ன வெட்டுவான்."

"அதுவும் நடக்கலாம். அவங்கள இஞ்ச வரச் சொன்னது அதுக்குத்தான். ரவூப் இருப்பார், நான் இருப்பன்."

"என்ட பிள்ளையள்..."

சிஸ்டர் மறுபடி இலையை உருவத் தொடங்கினார். அவர் செய்தது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு உயிர் விஷயத்தில் இவ்வளவு பொறுமை எனக்கு ஏலாது. டிலான் ஆசைக்கு ஒரு நாள் முன்கூட்டியே இறங்கிவிட்டானோ என்று அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு போன் மணிக்கும் ஓடினேன். ஒரு நாள் வெளிக்கிட்டு வீதிவரை போய், சிஸ்டருக்குத் தெரியாமல் மெரினாவின் நம்பரை எடுத்தும் பார்த்தேன். மணி அடிக்குமுன் நானே வைத்துவிட்டேன்.

ஒரு காலை நான் விறாந்தையில் நின்று மருந்து கொடுத்துக்கொண்டிருக்க, ஜெரோம் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தான். நான் கூப்பிட வாயெடுத்தேன். சிஸ்டர் பின்னால் நின்று, "விடுங்க" என்றார். புத்தளம் பஸ் வந்தது, ஏறிவிட்டான். தூள் கிடைக்கிற இடம் அவனுக்குத் தெரியும், விற்கக் கையில் கலியாண மோதிரம் இருந்தது. நான் மருந்துத் தட்டை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஒருவன் ஓடினால் மற்றவர்களுக்கும் கால் குறுகுறுக்கும், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன், வெயிலில் வேர்த்து வழிய நடந்து வந்தான்.

"எங்கயடா போனாய்?" என்று நான் கத்தினேன்.

"புத்தளத்துக்கு முதலே மதுரங்குளியில இறங்கிட்டன் சேர். அங்கால போனா வாங்கிடுவன் எண்டு தெரிஞ்சுது. திரும்பி வரக் காசில்ல, நடந்தன்."

மோதிரம் விரலில் இருந்தது. சிஸ்டர் அதைப் பார்த்தாரோ தெரியாது. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். மெரினா, டிலான், மாமி, அவர்களோடு நிக்சனும். அவர் வருவார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் வானில் குலுங்கி வருவது அவருக்குப் பெரிய வேதனை. டிலானும் டிரைவரும் தூக்கிவந்து மாமரத்தடியில் கதிரையில் இருத்தினார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்டால் கதிரையோடு கட்டியிருந்தது. தோளும் கையும் மட்டும் முன்பிருந்த சுழியோடியின் தோளும் கையுமாக இருந்தன. அவர் ஜெரோமைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாமிதான் பேசினார். பையிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்து ஜெரோமின் மடியில் வைத்தார். "முதல் நாள் கடலுக்குப் போட. இப்ப நல்லா வந்திட்டார் சிஸ்டர், முகத்தப் பாருங்க. இனி ஒரு பிரச்சினையும் வராது, நான் அன்னம்மா கோயிலுக்கு நேந்து வச்சிருக்கிறன்."

டிலானுக்கு இருபது வயது இருக்கும். ஓரிடத்தில் நிற்க முடியாமல் நின்றான். "அத்தான், பாதர் எங்கட போட்டை ஆசீர்வதிச்சிட்டார். சிலிண்டரெல்லாம் காத்து நிரப்பியாச்சு. நாளைக்கு விடிய இறங்குறம். நீங்க மேல இருந்தாக் காணும், எனக்கு ஒரு பயமும் இல்ல."

ஜெரோம் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திறக்கவில்லை. மாமி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார். டிலான் வானில் பைகளை ஏற்றப் போனான், ஏற்றிவிட்டு வந்தான். "அப்ப வெளிக்கிடுவமா?" என்றான். எல்லோரும் எழும்பினார்கள். ஜெரோமும் எழும்பினான்.

சிஸ்டர் சுளகை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "டிலான், இஞ்ச வாங்க மகன், உங்களட்ட ஒரு..."

"சிஸ்டர், நில்லுங்க." ஜெரோமின் குரல் ஒரு மாதிரியாக உடைந்து வந்தது. "நான் சொல்றன்."

சட்டையைக் கதிரையில் வைத்தான். நிக்சனுக்கு முன்னால் போய் நின்றான்.

"மச்சான், அண்டைக்கு எஞ்சின் நிக்கல்ல. நான் தூள் எடுத்திட்டு இருந்தன். குமிழிய விட்டுட்டன்."

முதலில் பேசியது மாமி. "ஐயோ மகன், அது அந்தச் சனியன் செஞ்ச வேலை. நீ என்ன செய்வ? கூட்டாளிமார் பழக்கி விட்டுட்டாங்க..."

"இல்ல மாமி. அண்டைக்குப் போட்டில கூட்டாளி ஒருத்தனும் இருக்கல்ல. நான் மட்டும்தான் இருந்தன்."

அவன் முடிக்குமுன் டிலான் பாய்ந்துவிட்டான். முதல் அடியில் ஜெரோம் மண்ணில் விழுந்தான். நான் டிலானை இடுப்பில் பிடித்தேன். என் வயதுக்கு அந்தப் பொடியன் அடங்குகிற ஆளில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போய் மிதித்தான். ஜெரோம் எழும்பவும் இல்லை, கையை உயர்த்தி மறிக்கவும் இல்லை. வாயால் இரத்தம் வந்தது. மெரினா கத்திக்கொண்டு ஓடிவந்து நடுவே விழுந்தாள்.

"டிலான், விடு!" நிக்சனின் குரல். கடலில் கூப்பிட்டுப் பழகிய குரல், மாமரத்தடிக்கு அது பெரிய சத்தம். டிலான் நின்றான்.

"எஞ்சின் நிக்கல்ல எண்டு எனக்குத் தெரியும்" என்றார் நிக்சன்.

மெரினா அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள்.

"தண்ணிக்குள்ள எஞ்சின் சத்தம் நல்லாக் கேக்கும். தலைக்கு மேல நிண்டு இரையுது, பிறகு தூரத் தூரப் போகுது. நிண்ட எஞ்சின் அப்படிப் போகுமா? என்ன விட்டுட்டுப் போறான் எண்டு நினைச்சுத்தான் ஒரே மூச்சில மேல வந்தன்."

"தெரிஞ்சும் ஏன் அண்ணா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"உன்ட வாழ்க்கைய யோசிச்சன், பிள்ளையள யோசிச்சன். என்ட கால் போனது போனதுதான். ஆனா இவன் போறதுக்கு விடமாட்டன்." டிலானைக் காட்டினார். "இண்டைக்கு ஜெரோம் வாய் திறக்காட்டி நான் திறந்திருப்பன். அதுக்குத்தான் வந்தன்."

ஜெரோம் மண்ணில் இருந்தபடியே சொன்னான்: "போட்டுக்கு நான் வரமாட்டன் மச்சான். என்ன நம்பி ஒருத்தரையும் இறக்காதீங்க. வீட்டுக்கும் இப்ப வரல்ல. சிஸ்டர் விட்டா இன்னும் கொஞ்சக் காலம் இஞ்ச இருக்கிறன்."

வானில் ஏற்றும்போது நிக்சன் திரும்பிப் பார்க்கவில்லை. மெரினா ஜெரோமைத் தாண்டி நடந்து வானுக்குள் போய் இருந்துகொண்டாள். கடைசியாக ஏறின மாமி மறுபடி இறங்கிவந்து, கதிரையிலிருந்த புதுச் சட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்துத்தான் ஜெரோம் அழுதான். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வருசம் டிலான் இறங்கினான். மேலே குமிழி பார்த்தவர் நிக்சன். வேறு மச்சான் இல்லை, வெளியாளை நம்ப வீட்டுக்கு மனமில்லை. கால்தானே இல்லை, கண்ணும் கையும் இருக்கிறது என்று சொல்லிப் படகின் பின்பலகையில் தன்னைப் பெல்ட்டால் கட்டவைத்து எஞ்சின் பிடியைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் அவரைப் படகுவரை கொண்டுபோக வேண்டும். அலைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஆடுகிற படகுக்குள் ஏற்றவேண்டும். டிலான் படகைப் பிடிப்பானா அண்ணனைப் பிடிப்பானா? இல்லத்திலிருந்து ஜெரோம் ஊருக்குத் திரும்பிய அடுத்த நாள், நிக்சன் ஆளனுப்பினார். தூக்குவதற்கு அவனை வரச்சொன்னார். தூக்க மட்டும்தான், படகுக்குள் கால் வைக்கக்கூடாது.

அப்படித்தான் நடந்தது. விடியக் காலையில் தோளில் ஏற்றிக்கொண்டுபோய் இருத்துவான். படகு வரும்வரை கரையில் நிற்பான். வந்ததும் தூக்கிவருவான். மெரினா வீட்டுக்குள் விட்டாள், கதைக்க வெகு காலம் எடுத்தது. டிலான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் ஒரு தரம் ஜெரோம் வழுக்கினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மறுநாள் விடிய அவன் நிக்சனின் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று, "நேத்து எடுத்துட்டன். இண்டைக்கு நான் தூக்கக்கூடாது. விழுத்திடுவன்" என்று சொல்லியிருக்கிறான். அன்று படகு போகவில்லை. சங்குக்கு நல்ல நாள், அக்கம்பக்கத்துப் படகெல்லாம் போயிற்று. அவன் சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறி எங்களிடம் வந்தான். கூட ஒருவரும் வரவில்லை. சிஸ்டர் யாரையும் மாமரத்தடிக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

நான் வேலையை விட்டபின் ஒரு பின்னேரம் அந்தக் கரைக்குப் போனேன். படகு வந்து நின்றது. ஜெரோம் தண்ணீருக்குள் இறங்கி முதுகைக் கொடுத்தான், நிக்சன் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு ஏறிக்கொண்டார். என்னைக் கண்டதும் அவன் தோளுக்கு மேலால் சிரித்தார். எப்படி இருக்கிறீர்கள், இவன் ஒழுங்காக இருக்கிறானா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி, அவன் காதுக்கருகே கேட்டுவிட்டேன்.

"இவன இன்னும் நான் மன்னிக்கல்ல சேர்" என்றார் நிக்சன். "ஆனா வேற ஒருத்தன்ட தோளில ஏறப் பயமாக் கிடக்கு."

ஜெரோம் அவரை முதுகில் ஏற்றிப் பிடித்துக்கொண்டான். காலடியில் மணல் எங்கே சரிகிறது என்று பார்த்துப் பார்த்து, மெதுவாகக் கரைக்கு நடந்தான்.